முகடு நகர்ந்த வாரம்

மார்ச் 3, திங்கள்

குளிரூட்டுவதற்கான திரவ ஹீலியம் வந்துவிட்டது. ஆள் உயர டியூவர், சக்கரம் வைத்த பெரிய பிளாஸ்க் மாதிரி. லாரியிலிருந்து இறக்கிய டிரைவர், "இவ்வளவு பெரிய பாத்திரம், உள்ள எதுவும் இருக்குற மாதிரியே தெரியலயே மேடம்" என்றார். "இருக்குண்ணே. ஆனா மூடி வச்சாலும் நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஓடிப்போயிரும்" என்றேன். "அப்ப சீக்கிரம் செலவழிச்சுருங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வருடத்துக்கு ஒரு தடவைதான் எனக்கு ஹீலியம் கிடைக்கும். இந்தத் தடவை அதை வேறு எதற்கும் தொடப்போவதில்லை. மூன்று வருடமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. எங்கள் வனேடியக் கலவை கடுங்குளிரில் மீகடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் போகிறது. அப்படி ஆவதற்கு முன்பே அது தன் உள்ளமைப்பை ஒரு தடவை மாற்றிக்கொள்கிறது; அணுக்கள் இடம் மாறி உட்காருகின்றன. கலவைத் தகட்டை அதிர வைத்துப் பார்க்கிற என் கருவியில் அந்த மாற்றம் கோட்டில் ஒரு முகடாகத் தெரிந்தது. ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரையாக எழுதி அனுப்பினேன்.

போன மாதம் மதிப்பீட்டாளர் இரண்டு கேள்வி கேட்டு எழுதியிருந்தார். வடக்கே ஓர் ஆய்வகத்தில் இதே கலவையைத் தாங்களே செய்து பார்த்திருக்கிறார்கள், அவர்களுக்கு முகடு வரவில்லை. உங்கள் கலவை சுத்தமானதுதானா? இன்னொன்று: அதிர்வின் வேகத்தை மாற்றினால் உங்கள் முகடு அதே குளிரில் நிற்கிறதா, நகர்கிறதா?

நிற்கும். என் முகடு நிற்கும். அதைக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை.

மார்ச் 4, செவ்வாய்

கலவையைச் செய்தவர் சொக்கநாதன் சார். வீட்டில் அவர் என் புருஷன். கல்யாணமான புதிதில், "புருஷன் உருக்குறான், பொண்டாட்டி அளக்குறா, குடும்பத் தொழிலு" என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கே இரண்டு சட்டம் போட்டேன். துறை வாசலுக்குள் அவர் சார், நான் மேடம். வீட்டு வாசலுக்குள் வேலைப் பேச்சு கிடையாது. இத்தனை வருடத்தில் இரண்டையும் மீறியதில்லை. எங்களைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொல்ல முடிந்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

இப்போது வேறு பேச்சு கிளம்பியிருக்கிறது. "சொக்கநாதன் ஃபர்னஸ்ல காத்து புகுந்திருக்கும், கலவையே அழுக்கு" என்கிறார்களாம். அவர் எப்படி உருக்குவார் என்று எனக்குத் தெரியும். திருப்பித் திருப்பிப் போட்டு, ஒரு பொத்தானளவு உலோகத்துக்கு ஒரு முழு நாள் செலவழிக்கிற மனிதர். இந்தப் பேச்சு அவர் காதிலும் விழாமலிருக்காது. ஸ்டாஃப் ரூமில் டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், போய்விட்டார். எனக்கென்றால் கை பரபரத்தது.

மத்தியானம் என் ஆய்வகத்துக்கு வந்தார்.

"மேடம், தகட்ட ஆசிட்ல எவ்வளவு நேரம் போடுறீங்க?"

"கண்ணாடியா மின்னுற வரைக்கும் சார்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான். அழுக்கோட அளந்தா அளவா அது?"

தலையாட்டிவிட்டுப் போனார். என் மாதிரிகளின் பளபளப்பு துறையே அறிந்தது. வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் தலைவர் ஜெயசீலன் சார் அதைத்தான் முதலில் காட்டச் சொல்வார். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம்.

மார்ச் 5, புதன்

அவருடைய அக்கா விசாலம் அண்ணி தேவகோட்டையிலிருந்து வந்திருக்கிறார், ஒரு தூக்கு நிறைய சீடையோடு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்கும்போது கேட்டார், "ரெண்டு பேரும் அங்க என்னதான் பண்றீங்க? ஊர்ல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

இது வேலைப் பேச்சில் சேராது, விருந்தாளியிடம் மரியாதை என்று எனக்கு நானே விலக்கு கொடுத்துக்கொண்டேன். பூஜை மணியை ஒரு கரண்டியால் தட்டினேன். ரீங்காரம் அடங்க நேரமாயிற்று. அடுத்து ரசம் வைக்கிற ஈயச் சொம்பைத் தட்டினேன். டொக்கென்று அடங்கிவிட்டது.

"ரெண்டையும் ஒரே மாதிரிதான தட்டுன?"

"ஆமாண்ணி. ஈயம் அந்த அதிர்வ உள்ளுக்குள்ளயே தின்னுருது. உலோகத்துக்குள்ளேயே உராய்வு இருக்கு. நாங்க ஒரு சின்னத் தகட்ட ஒரு முனையில பிடிச்சுக்கிட்டு, குளிர வச்சுத் தட்டித் தட்டிப் பாக்குறோம். எந்தக் குளிர்ல ரொம்பத் தின்னுதோ, அங்க கோடு மேட்டுக்கு ஏறும். அத முகடும்போம். உள்ள ஏதோ நகருதுன்னு அர்த்தம்."

"என்னா நகருது?"

"அதுலதான் சண்டையே."

"தகடு தம்பி செஞ்சதா?"

"ஆமா."

"அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய்க்குப் போய்விட்டார். அந்தத் தம்பி பக்கத்திலேயே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

குளிரூட்டியில் கசிவு. நாள் முழுக்க ஒரு ரப்பர் வளையத்தோடு மல்லுக்கு நின்றேன். ஜெயித்தது நான்.

மார்ச் 7, வெள்ளி

முழுத் தகட்டையும் ஆசிட்டில் குளிப்பாட்டி, பொருத்தி, இறக்கிவிட்டேன். அதே இடத்தில் அதே முகடு, என்ன அழகு. திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அது என்னை ஏமாற்றியதில்லை.

சாயங்காலம் துறைக் கூட்டம். ஜெயசீலன் சார் மதிப்பீட்டாளரின் கேள்வியை எடுத்துப் போட்டார். நேராகச் சொக்கநாதன் சார் முகத்தைப் பார்த்தார். "சொக்கநாதன், கலவையில அழுக்கு இருக்க வாய்ப்பு இருக்கா, இல்லையா? இதுல துறையோட பேரே இருக்கு."

"என் பக்கம் இன்னொரு தடவ பாத்துர்றேன் சார்" என்றார்.

அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? சுத்தமான கலவை சார், எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பேச எழுந்தேன். மனைவி வக்காலத்து வாங்குகிறாள் என்று ஆகிவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூட்டரில் வரும்போது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாவு அரைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை. அண்ணி ஊருக்குக் கிளம்பினார்.

சாப்பிடும்போது அவர், "கோதை, அந்த ஆசிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"வீட்டுல வேலைப் பேச்சு இல்ல" என்றேன்.

"சரி" என்று இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

மனிதருக்குச் சட்டம் மறந்துபோகிற வயது வந்துவிட்டது போல.

மார்ச் 10, திங்கள்

வெட்டிவிட்டேன்.

ஏன் வெட்ட வேண்டும் என்பதை எனக்காகவே ஒரு தடவை எழுதி வைக்கிறேன். உள்ளமைப்பு மாறுவதால் முகடு வருகிறதென்றால், தகடு மெதுவாக அதிர்ந்தாலும் வேகமாக அதிர்ந்தாலும் முகடு அதே குளிரில் நிற்கும். அமைப்பு மாறாமல், உள்ளே சிக்கிக்கொண்ட சிற்றணுக்கள் சும்மா இங்கும் அங்கும் தாவுவதால் வருகிறதென்றால், வேகம் கூடக்கூட முகடு வெதுவெதுப்பான பக்கம் நகரும். வேகத்தைக் கூட்ட என் கருவியில் ஒரே வழிதான். தகட்டைக் குட்டையாக்க வேண்டும்.

இந்தக் கலவை பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அவர் செய்த மற்ற தகடுகளெல்லாம் வெடித்துப்போயின. முழுசாக வந்தது இது ஒன்றுதான். வெட்டும் சக்கரம் அவர் அறையில் இருக்கிறது.

"வெட்டத்தான் வேணுமா மேடம்?"

"வேணும் சார்."

"நான் வெட்டவா?"

"என் சோதனை. நான்தான் வெட்டுவேன்."

சரி என்றார். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் அறையை விட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. பயந்தாங்கொள்ளி. ஒரு சின்ன விரிசல்கூட விழாமல் வெட்டினேன். என் கைக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

ஆசிட் குளியல் போட்டு, பொருத்தி, இறக்கியாயிற்று. நாளை காலை தெரியும்.

மார்ச் 11, செவ்வாய்

நகர்ந்தது.

மார்ச் 12, புதன்

நேற்று எழுத முடியவில்லை. சாப்பிடவும் இல்லை. அவர் எட்டிப் பார்த்தார். தயிர்ச் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் கோபத்தோடு போனேன். கணக்கு தெளிவாக இருந்தது. முகடு நகர்கிறதென்றால் சிற்றணு தாவுகிறது. அந்தக் குளிரிலும் தாவக்கூடிய சிற்றணு ஹைட்ரஜன்தான். ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? அவர் ஃபர்னஸிலிருந்து. ஊர் சொன்னது சரிதான். மூன்று வருடமாக ஒரு அழுக்குக் கலவையை என் தலையில் கட்டிவிட்டார். இதை எந்த வார்த்தையில் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே, இன்னொரு தடவை அளந்து உறுதி செய்துகொண்டு போகலாம் என்று தகட்டை எடுத்தேன். பழக்கம், கையுறை மாட்டி ஆசிட் கிண்ணத்தில் போட்டேன்.

போட்டதும் விளிம்பில் குமிழ்கள் வரிசை கட்டின. ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே வந்தன. இந்தக் குமிழ்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

என்ன வாயு இது?

எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும், ஆசிட்டில் உலோகத்தைப் போட்டால் வருவது ஹைட்ரஜன் என்று. கொஞ்சம் மேலே வந்து காற்றில் போகிறது. மிச்சம் உலோகத்துக்குள் போகிறது. ஒவ்வொரு தடவையும், மின்ன மின்ன, நான்தான் ஊட்டியிருக்கிறேன். வடக்கத்தி ஆய்வகத்துக்காரர்கள் தகட்டை உப்புத்தாளால் தேய்த்ததோடு விட்டுவிட்டார்கள் என்று படித்தபோது, சோம்பேறிகள் என்று சிரித்தவள் நான்.

தகட்டை எடுத்து அலசி வைத்துவிட்டு அவர் அறைக்கு நடந்தேன். கதவைத் தட்டவில்லை. ஃபர்னஸின் வேக்குவம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"யாருக்கு இது?"

"உங்களுக்குத்தான் மேடம். வேக்குவத்துல வச்சுச் சூடாக்கினா உள்ள இருக்குறது வெளிய வந்துரும். தேவைப்படும்னு காலையிலேயே போட்டுவிட்டேன்."

"எப்ப இருந்து தெரியும்?"

"தெரியாது. சந்தேகம்தான். வடக்க முகடு வரலன்னு கேள்விப்பட்டதுல இருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டேனே, எவ்வளவு நேரம் போடுறீங்கன்னு."

"சாரா வந்து கேட்டீங்க. புருஷனா சொல்லியிருக்கணும்."

"புருஷனாவும் சொல்ல வந்தேன். வீட்டுல வேலைப் பேச்சு இல்லன்னுட்ட."

துறைக்குள் அவர் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

"கூட்டத்துல? மூஞ்சிக்கு நேரா கேட்டாரே ஜெயசீலன் சார். அங்க சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, பொண்டாட்டி தலையில போட்டுட்டுத் தப்பிச்சுக்கிட்டான்னு ஆகும். உன்னப் பத்தி எவனாவது ஒரு வார்த்த பேசுவான். என்னப் பத்திப் பேசுனா பேசிட்டுப் போறான்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு மேல் வெட்கம். இந்த மனிதர் வாரக்கணக்கில் ஸ்டாஃப் ரூமில் தலை குனிந்து டீ குடித்திருக்கிறார். அவர் கலவை சுத்தமாக இருந்தது. அதை அழுக்காக்கியது நான். அழுக்கு அவர் பேரில் இருந்தது. இதில் நான் வேறு அவருக்கு வாயில்லை என்று திட்டியிருக்கிறேன்.

"எனக்காக நீங்க யார்கிட்டயும் பேச்சு வாங்க வேணாம். என் தப்ப நான் தாங்குவேன். எனக்குத் தெம்பு இல்லையா?" என்று சத்தம் போட்டேன். வராந்தாவில் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"இருக்கு" என்றார். "தகட்டக் குடு."

மார்ச் 13, வியாழன்

தகட்டை உள்ளே வைத்துச் சூடேற்றினோம். ஒரு கட்டத்தில் வேக்குவம் மீட்டரின் முள் திடீரென்று எழும்பியது. உள்ளே இருந்தது வெளியே வந்துகொண்டிருந்தது. நான் பார்த்துப் பார்த்து ஊட்டியதெல்லாம் பம்ப் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று இருவரும் பார்த்தோம். முள் மெதுவாக இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது.

வெளியே எடுத்தால் தகடு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆசிட் கிண்ணம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது சுலபமாக இல்லை.

மார்ச் 15, சனி

டியூவரின் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு ஓட்டத்துக்குத்தான் வரும். அழுக்குத் தகட்டை, அப்படிச் சொல்லக் கூடாது, சுத்தமான தகட்டை அப்படியே பொருத்தி இறக்கினேன்.

முகடு இல்லை. மூன்று வருடமாக நின்ற இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போகிறது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, ஏனென்றால் கோடு இன்னும் முடியவில்லை. இன்னும் குளிர்ந்து, மீகடத்தியாகிற இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன மேடு. கூடவே தகட்டின் சுதியும், அதாவது அதிர்வின் வேகமும், அங்கே கொஞ்சம் இறங்கி ஏறுகிறது. இத்தனை நாள் பெரிய முகட்டின் சரிவுக்கு அடியில் இது மறைந்து கிடந்திருக்கிறது. உள்ளமைப்பு மாற்றம் இதுதானா? இருக்கலாம். நகராமல் நிற்கிறதா என்று பார்க்க இன்னொரு ஓட்டம் வேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹீலியம் தீர்ந்தது.

மார்ச் 16, ஞாயிறு

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். சமையலறையில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் படித்துக் காட்டினேன். வீட்டுச் சட்டம் ஒழிந்தது.

"வாபஸ் எதுக்கு? ஆறு மாசம் டைம் கேட்டு, திருத்தி அனுப்பலாமே. அந்தச் சின்ன மேடு இருக்குல்ல?"

"அது இன்னும் என் கைக்கு வரல. வந்தப்புறம் தனியா எழுதுவேன். இத ஒட்டுப் போட்டு அனுப்ப மாட்டேன்."

"சரி. அந்தக் கடைசி வரி வேணுமா?"

கடைசி வரி இது: கலவை சுத்தமாகவே செய்யப்பட்டது, ஹைட்ரஜன் புகுந்தது முழுக்க என் தயாரிப்பு முறையால்.

"அதுதான் வேணும். மத்ததுல எதையாவது வேணா எடுத்துக்கங்க" என்றேன். அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காம்பையும் சேர்த்துச் சட்டியில் போட்டார்.

மார்ச் 19, புதன்

துறைக் கருத்தரங்கு. பழைய முகட்டைப் பற்றிப் பேசுவதாகத்தான் என் பேரில் மாதத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார்கள். ரத்து செய்யலாம் என்றார் ஜெயசீலன் சார். செய்யவில்லை. நீலப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். தோற்றவள் மாதிரி நிற்க எனக்கு எண்ணமில்லை.

முதல் படமே அந்தக் கிண்ணம்தான். "சொக்கநாதன் சார் ஃபர்னஸ்ல காத்து புகல. கலவை சுத்தமா இருந்துச்சு. அதுக்குள்ள ஹைட்ரஜன ஏத்துனது நான், இந்தக் கிண்ணத்துல. இந்த அறையில யாரு என்ன பேசியிருந்தாலும் இன்னைக்கோட அதை நிறுத்திக்கங்க" என்றேன். ஒன்றிரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். குமிழ்களைக் காட்டினேன், முகடு நகர்ந்ததைக் காட்டினேன், வேக்குவம் மீட்டரின் முள் எழும்பியதைக் காட்டினேன்.

"அப்ப மூணு வருஷ வேலை?" என்றார் ஜெயசீலன் சார், மெதுவாக.

"மூணு வருஷமா ஹைட்ரஜன அளந்திருக்கேன் சார். ரொம்ப நல்லா அளந்திருக்கேன்" என்றேன். சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். எழுந்து, சொக்கநாதன் சார் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, "நான் கூட்டத்துல கேட்டிருக்கக் கூடாது" என்றார். அவர் கையை மட்டும் ஆட்டினார், பரவாயில்லை என்று.

கடைசியாகச் சின்ன மேட்டைப் போட்டேன். பெயர் வைக்காமல் போட்டேன். "கேள்விகள் உண்டா?" என்றேன்.

பின் வரிசையில் அவர் எழுந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுகளுக்கெல்லாம் வந்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கையைத் தூக்கியதில்லை. கண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், தகடு இப்ப குட்டையாயிருச்சு. அதனால பிடிச்சிருக்குற கிளாம்ப்போட பங்கு கூடியிருக்கும். இந்த மேடு கிளாம்ப்ல இருந்து வரலன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அன்றைக்கு அங்கே கேட்கக்கூடிய கேள்விகளிலேயே கடினமானது அது. இருக்கிற நம்பிக்கையையும் அடியோடு பிடுங்கிப் பார்க்கிற கேள்வி. முன் வரிசையில் ஒருவர், பாவம் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"முடியாது சார். வேற பிடியில வச்சுப் பாக்கணும்."

"அப்ப இது அமைப்பு மாற்றம்னு இன்னைக்குச் சொல்லக் கூடாது."

"நான் சொல்லலையே சார்."

"இல்ல, சொல்லல" என்று உட்கார்ந்தார்.

இத்தனை வருடமாக என்னைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டே இருந்த மனிதர், இன்று எல்லோர் முன்னாலும் கையை எடுத்துவிட்டார். எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செய்ததில்லை. நெஞ்சு நிறைந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"அடுத்த கேள்வி?" என்றேன்.